கம்பெனியிலிருந்து வந்த சொற்கள்

ஜூலை 8, திங்கள்

ஒன்பதாம் வகுப்பு சி பிரிவை மதிப்பெண் பார்த்துப் பிரிக்கவில்லை. தெருப் பார்த்துப் பிரித்திருக்கிறார்கள். பிள்ளைகளிடம் ஒரு சுற்று வீடு எங்கே என்று கேட்டால் போதும். ஏ பிரிவில் மெயின் ரோடும் லட்சுமி நகரும். பி பிரிவில் அங்கும் இங்கும். சி பிரிவில் சாயத் தண்ணீர் ஓடும் ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிற காலனி மொத்தமும், பனியன் கம்பெனி லைன் வீடுகளும். கதவுக்கு மேல் பச்சைப் பெயிண்டில் 'மெல்லக் கற்போர்' என்று எழுதியிருக்கிறார்கள். அதையாவது சாக்பீஸில் எழுதியிருக்கலாம். அழிக்க முடிந்திருக்கும்.

மெல்லக் கற்கிறவர்கள் எல்லோரும் ஒரே தெருவிலா பிறக்கிறார்கள் என்று தலைமையாசிரியர் சென்னியப்பனிடம் கேட்டேன்.

"வந்து ஒரு வாரங்கூட ஆகுல அம்மிணி. மொதல்ல சாக்பீஸ் எங்க இருக்குதுன்னு தெரிஞ்சுக்குங்" என்றார்.

சாக்பீஸ் அவர் மேசை டிராயரில் இருக்கிறது. பூட்டி.

நான் இங்கே தற்காலிக ஆங்கில ஆசிரியை. ஏப்ரலோடு வேலை முடியும். சி பிரிவை எனக்குக் கொடுத்ததும் அதனால்தான். நிரந்தரமானவர்கள் யாரும் அந்த வகுப்புக்கு வகுப்பாசிரியராக இருக்க ஒப்புக்கொள்ளவில்லை. பள்ளியில் நான் எந்தப் பிரிவில் படித்தேன் என்று இங்கே யாரும் கேட்கவில்லை. கேட்டால் சொல்வேன்.

ஜூலை 10, புதன்

எனக்கு முன்னால் இருந்தவர் விட்டுப்போன 'மினிமம் மெட்டீரியல்' கிடைத்தது. பாஸாவதற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துத் தைத்த சில பக்கங்கள். ஏ பிரிவுக்குப் புத்தகம், சி பிரிவுக்கு ஜெராக்ஸ். ஆங்கிலச் சொல்லுக்கு முன்னொட்டுச் சேர்க்கும் கேள்விக்கு அதில் ஒரே ஒரு அறிவுரை: தெரியாவிட்டால் 'அன்' போடவும்.

பிள்ளைகள் சொன்னதைக் கேட்டிருக்கிறார்கள். அன்பாசிபிள். அன்ரெகுலர். அன்ஹானஸ்ட். அன்லீகல். கடைசி பெஞ்சில் தருண் என்று ஒருவன் 'அன்ஸ்கூல்' என்று எழுதியிருந்தான்.

"அப்படின்னா என்னடா?"

"லீவுங் மிஸ்."

சிரித்துவிட்டேன். அதற்குப் பிறகு அவர்களை மிரட்ட முடியவில்லை. முயற்சியையும் விட்டுவிட்டேன்.

ஜூலை 11, வியாழன்

முதலிலிருந்து ஆரம்பித்தேன். மெட்டீரியலை உள்ளே வைக்கச் சொல்லிவிட்டு, கரும்பலகையில் 'ஹேப்பி' என்று எழுதி, முன்னால் ஒரு கட்டம் போட்டேன். அந்தக் கட்டத்தில் என்ன வந்து உட்காருகிறதோ, அது பின்னால் இருக்கிற சொல்லை அதட்டும், திருப்பும், மறுபடி செய்யச் சொல்லும் என்றேன். சட்டைக்குக் காலர் மாதிரி என்று ஒரு உதாரணமும் சொல்லித் தொலைத்தேன். எழுந்துவிட்டார்கள்.

"மிஸ், காலர் வெச்சா அது சட்டை இல்லீங். போலோ."

"டி-சர்ட்டுக்குக் கழுத்துல வெச்சுத் தெக்கறது ரிப்புங்."

திருப்பூரில் வந்து துணியைப் பற்றி உதாரணம் சொன்னது என் தப்பு.

தருண் கேட்டான்: "ஏனுங் மிஸ், ஒரு 'இல்ல'ங்கறதுக்கு இங்கிலீஷ்காரன் அன், இம், டிஸ், இர்ருன்னு இத்தன வெச்சிருக்கான்? ஒண்ணு பத்தாதுங்களா?"

"உங்க ஊர்ல எத்தனை 'இல்ல' இருக்கு, சொல்லுங்க."

இல்ல, இல்லீங், இல்லவே இல்ல, ஏது, எங்க இருக்குது என்று வந்துகொண்டே இருந்தது. மூன்றாவது பெஞ்சில் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒல்லியான பெண் கையைத் தூக்கினாள்.

"பாக்கலாம்."

"அது எப்படிம்மா 'இல்ல' ஆகும்?"

"சைக்கிள் வாங்கித் தாம்மான்னா எங்கம்மா பாக்கலாங்கும். டூருக்குப் போறேன்னாலும் பாக்கலாங்கும். பாக்கலாம்னா இல்லைன்னுதானுங் மிஸ் அர்த்தம்."

வகுப்பே கை தட்டியது. அவள் பெயர் மாசாணி.

ஜூலை 16, செவ்வாய்

தண்ணீர் ஐந்து நாளைக்கு ஒருமுறைதான் வருகிறது. குடம் வாங்கினேன். பச்சை.

ஜூலை 22, திங்கள்

இன்று எனக்குத் தோன்றிய யோசனையை நினைத்தால் எனக்கே சந்தோஷமாக இருக்கிறது. புத்தகத்தில் இருக்கிற 'இம்மார்ட்டல்', 'இர்ரெலவன்ட்' எல்லாம் இந்தப் பிள்ளைகள் வாழ்க்கையில் எங்கேயும் கேட்காத சொற்கள். ஆனால் இந்த ஊரே பாதி ஆங்கிலத்தில்தான் வேலை பார்க்கிறது. வீட்டில் அம்மா, அப்பா, அண்ணன், யாரோ ஒருவர் கம்பெனிக்குப் போகிறார்கள். ஆகவே வீட்டுப்பாடம்: கம்பெனியில் புழங்கும் சொற்களில் முன்னொட்டு ஒட்டியிருக்கிறவற்றைக் கேட்டு எழுதி வர வேண்டும்.

ஆசிரியர் அறையில் உடற்கல்வி ஆசிரியர் மயில்வாகனன் எட்டிப் பார்த்தார். "டீச்சர், டெம்பரவரில வந்துட்டு பர்மனென்ட் மாதிரி வேல பாக்கறீங்க. கண்ணு பட்டுரும்."

அவர் விசிலை எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். வருஷம் முழுக்க அவர் செய்த வேலை அதுவாகத்தான் இருக்கும்.

ஜூலை 24, புதன்

சொற்கள் கொட்டின. ஓவர்லாக், ஓவர்டைம், ரீசெக், ரீபேக், ரீவாஷ், சப் கான்ட்ராக்ட், மிஸ்பிரிண்ட். பலகையில் இடமில்லை.

'ரீ' என்றால் என்ன என்று நான் சொல்லவே இல்லை. கிருத்திகா என்கிற பெண் சொன்னாள்: "ரீசெக்குனா பாத்தத மறுக்காப் பாக்கோணும் மிஸ். எங்கக்கா திட்டீட்டே சொல்லும்." 'ஓவர்' என்றால் அளவுக்கு மேல். ஓவர்டைம் போன அப்பா வீட்டுக்கு வந்து பேசாமல் படுத்துக்கொள்வதை ஒருவன் நடித்துக் காட்டினான்.

'மிஸ்' வந்தபோதுதான் வகுப்பு கை மீறியது.

"மிஸ்னா தப்புன்னு அர்த்தங்களா மிஸ்?"

"சொல்லுக்கு முன்னால ஒட்டி வந்தா தப்பா செய்யறது."

"அப்ப உங்களை இனி எப்படிங் கூப்படறது?"

மணி அடித்தும் யாரும் எழவில்லை. பக்கத்து வகுப்பிலிருந்து ஆள் அனுப்பி, சத்தம் போடாமல் சிரிக்கச் சொன்னார்கள். இப்படி ஒரு உத்தரவு எந்தக் கல்லூரியிலும் எனக்குக் கிடைத்ததில்லை. ராத்திரிக்குத் தக்காளிச் சாதம். நன்றாக வந்தது.

ஆகஸ்ட் 2, வெள்ளி

மாசாணி இன்று 'ப்ரீ ஷ்ரங்க்' கொண்டுவந்தாள். துணியைத் தைப்பதற்கு முன்பே சுருங்க வைத்துவிடுவார்களாம், பிறகு சுருங்காமல் இருக்க. "மின்னாடியே சுருக்கீட்டா அப்பறம் சுருங்காதுங் மிஸ்" என்றாள். இந்த ஊரில் துணிக்கு மட்டும் செய்கிற காரியமா அது என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. 'ப்ரீ'க்கு இதைவிட நல்ல உதாரணம் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

யாரிடம் கேட்டாய் என்றேன். "எங்கம்மா கம்பெனில." அவள் அம்மா சரசாள் பிசிறு வெட்டுகிறவர். தைத்து வரும் துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைச் சின்னக் கத்தரியால் நாளெல்லாம் வெட்டும் வேலை. அப்பா இல்லை. இருக்கிறாரா, இறந்தாரா என்பது தெரியவில்லை. இல்லை.

ஆகஸ்ட் 14, புதன்

கொடியேற்றத்துக்குத் திடல் பெருக்க சி பிரிவை மட்டும் கூப்பிட்டார்கள். அனுப்ப மாட்டேன் என்றேன். மயில்வாகனன் சி பிரிவோடு ஏ பிரிவையும் கூட்டிக்கொண்டு போனார். அவரிடம் இதை எதிர்பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 29, வியாழன்

மற்றவர்கள் சரக்கு தீர்ந்துவிட்டது. ஓவர்லாக்கையே மூன்று பேர் மறுபடி எழுதி வருகிறார்கள். மாசாணி மட்டும் நிற்கவில்லை. இன்று ஒரே மூச்சில் சொன்னாள்: அன்ஈவன் ஹெம், இன்கரெக்ட் லேபிள், டிஸ்கலர், மிஸ்அலைன்மென்ட். செக்கிங் மேசைக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிற தாளில் இருக்குமாம். துணியில் என்னென்ன குறை வரலாம் என்ற தாள். அன், இன், டிஸ், மிஸ் நான்கும் ஒரே இடத்தில்! பாடநூல் எழுதுகிறவர்கள் வந்து நிற்க வேண்டும்.

"மிஸ், அவ கம்பெனிக்கே போயி நின்னு பாத்து எழுதீட்டு வாரா. நாங்க வூட்ல கேட்டுத்தான எழுதோணும்? இது போங்கு" என்றான் தருண்.

"அதுக்குப் பேருதான் ஆர்வம். நீயும் போய்ப் பாரு" என்றேன்.

அவள் எழுத்தும் அழகாகிவிட்டது. தலையில் மட்டும் எப்போதும் பஞ்சு. சீவிக்கொண்டு வரச் சொன்னேன்.

செப்டம்பர் 5, வியாழன்

ஆசிரியர் தினம். பேனா, பேனா, பேனா. தருண் ஒரு பனியன் கொடுத்தான். ஏற்றுமதிக்குத் தேறாத பீஸாம். நெஞ்சில் ஆங்கில வாசகம் கோணலாக இருந்தது. "மிஸ்பிரிண்ட் மிஸ்" என்றான். அதைத்தான் போட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

செப்டம்பர் 12, வியாழன்

மாசாணிக்குப் பிறந்த நாள். பதினாலு. வகுப்புக்கு ஆரஞ்சு மிட்டாய், எனக்கு மட்டும் பெரிய சாக்லேட். எதற்கம்மா இதெல்லாம் என்று கேட்டதற்கு, "நானே வாங்குனதுங் மிஸ்" என்றாள். அப்படி ஒரு பெருமை. முதல் பீரியடில் தூங்கி விழுந்ததற்காக அவளைத் திட்ட வைத்திருந்தேன். பிறந்த நாள் என்பதால் விட்டுவிட்டேன்.

செப்டம்பர் 24, செவ்வாய்

காலாண்டு விடைத்தாள் திருத்தினேன். முன்னொட்டுக் கேள்வியில் ஒருவர்கூடக் கண்ணை மூடிக்கொண்டு 'அன்' போடவில்லை. தப்பாக எழுதியவர்கள்கூட யோசித்துத் தப்பாக எழுதியிருக்கிறார்கள். 'டிஸ்பாசிபிள்' என்று பார்த்தபோது அந்தப் பையனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

மாசாணி முழுசும் சரி. மற்ற பாடங்களில் முன்பைவிடக் குறைவு. கணக்கில் பாஸ் ஆகவில்லை. கணக்கு ஆசிரியர் சி பிரிவுக்கு ஒழுங்காகப் போவதில்லை. வேறென்ன இருக்கப் போகிறது.

அம்மா போன் செய்து ஒரு வரனைப் பற்றிச் சொன்னாள். பாக்கலாம் என்றேன்.

அக்டோபர் 9, புதன்

தலைமையாசிரியர் கூட்டம் போட்டார். அடுத்த வருஷம் பத்தாம் வகுப்பில் நூறு சதவீதம் வேண்டுமாம். அதற்கு வழி கற்றுக்கொடுப்பது இல்லை. ஒன்பதாவதிலேயே, தேறாது என்று தோன்றுகிறவர்களின் வீட்டாரைக் கூப்பிட்டு, சொந்த விருப்பத்தின் பேரில் டி.சி. கேட்பதாக எழுதி வாங்கிக்கொள்வது. உட்காராத பிள்ளை ஃபெயிலாகாது. நூறு சதவீதம் இப்படித்தான் வருகிறது. பேனர் கட்டும்போது யாரும் இதைக் கேட்பதில்லை.

"என் வகுப்பிலிருந்து ஒருத்தரும் போக மாட்டாங்க சார்."

"நாம போகச் சொல்றதே இல்லீங் அம்மிணி. அவிகளே வந்து கேப்பாங்க. பாருங்."

யாரும் வர மாட்டார்கள் என்று மேசையைத் தட்டிச் சொல்லிவிட்டு வந்தேன். மயில்வாகனன் எனக்கு டீ ஊற்றிக் கொடுத்தார். சர்க்கரை போட மறந்திருந்தார். குடித்துவிட்டேன்.

அக்டோபர் 25, வெள்ளி

தீபாவளி நெருக்கம். கம்பெனிகளில் விடிய விடிய விளக்கு. வகுப்பில் பாதிப் பேர் இல்லை. தங்கச்சியைப் பார்த்துக்கொள்ள, சமைக்க, தைக்கிறவர்களுக்குத் துணியைக் கை மடித்துக் கொடுக்க. மாசாணி இந்த வாரம் மூன்று நாள் வரவில்லை. வந்த அன்றைக்கு 'ரீஇன்ஸ்பெக்‌ஷன்' கொண்டுவந்தாள். சரக்கு வாங்குகிற பையர் வந்து பிரித்துப் பார்த்தாராம், அன்பேக் பண்ணி, மறுபடி ரீபேக். இதை அவள் கையால் நடித்துக் காட்டினாள், அட்டைப் பெட்டியின் டேப்பைக் கிழிப்பதிலிருந்து. நேரில் பார்த்த மாதிரி இருந்தது.

வலது பெருவிரலில் துணி சுற்றியிருந்தாள். கத்தரி பட்டுவிட்டதாம். வீட்டில் கவனமாக இருக்கச் சொன்னேன்.

நவம்பர் 4, திங்கள்

தீபாவளி முடிந்து முதல் நாள். மாசாணி வரவில்லை.

நவம்பர் 8, வெள்ளி

இந்த வாரம் முழுக்க வரவில்லை. தருணிடம் கேட்டேன். "காச்சலா இருக்கும் மிஸ்" என்று கூரையைப் பார்த்துச் சொன்னான்.

நவம்பர் 14, வியாழன்

குழந்தைகள் தின விழா. எங்கள் வகுப்பு நாடகம் போட்டது. ஆளுக்கொரு முன்னொட்டு. 'ரீ'யாக வந்த பையன் எல்லோரையும் மறுபடி நடக்க வைத்தான், 'அன்' வந்து கிருத்திகா கட்டிய ரிப்பனை அவிழ்த்தான், தருண் 'ஓவர்' ஆக வந்து அளவுக்கு மீறி நடித்துக் கைதட்டலை அள்ளிக்கொண்டான். ஏ பிரிவுப் பிள்ளைகள் எழுந்து நின்று பார்த்தார்கள். பச்சைப் பெயிண்ட் எழுத்தை இந்த வாரம் நானே மண்ணெண்ணெய் தொட்டுச் சுரண்டிவிடுவேன். இப்படியெல்லாம் நினைத்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினேன்.

மாசாணியின் அம்மா சரசாள் நின்றிருந்தார். சலவைப் புடவை, கையில் டிபன் பாக்ஸ். போளி சுட்டுக் கொண்டுவந்திருந்தார், இங்கே ஒப்பிட்டு என்கிறார்கள்.

"சாப்புடுங் டீச்சர். நெய் போட்டது."

சூடாக இருந்தது. இரண்டு தின்றேன். மாசாணிக்குக் காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"காச்சலா? அதெல்லாம் ஒண்ணுமில்லீங். அவ நல்லா இருக்கறா. உங்களுக்குத்தானுங் கும்புடு போடோணும். லீவு நாளு, சாயந்தரம்னு எங்கூட வந்து பிசிறு வெட்டீட்டு இருந்தாளுங்களா? செக்கிங் மேசைக்கு மேல இருக்கற தாளப் படிச்சுப் படிச்சு எழுதுவா. நீங்க எழுதியாரச் சொன்னீங்களாமா. ஒரு நா சூப்பரவைசரு பாத்துட்டு, படிச்சுக் காட்டுன்னாரு. கடகடன்னு படிச்சு, இதுக்கு இதுதான் அர்த்தம்னு சொல்லீட்டாளாமா. அவுரே அசந்து போயிட்டாரு. தீவாளி கழிஞ்சதும் வா, செக்கிங்ல உக்கார வெக்கறேன்னுட்டாரு."

நான் மூன்றாவது ஒப்பிட்டைக் கையில் வைத்திருந்தேன்.

"நானெல்லாம் கல்யாணம் ஆனதுல இருந்து பிசிறுதானுங் வெட்டறேன். நின்னுக்கிட்டே. எம்புள்ள சேர்ல உக்காந்துருக்கறா டீச்சர். எல்லாம் உங்களாலதானுங்."

டி.சி. வாங்க வந்திருக்கிறார்.

நவம்பர் 15, வெள்ளி

தலைமையாசிரியர் முகத்தில் சிரிப்பு இல்லை. சிரித்திருந்தால் சண்டை போட வசதியாக இருந்திருக்கும்.

"நானா கூப்புட்டேன்? அதே வந்து கேக்குது. புள்ளைக்குப் பதினாலு முடிஞ்சிருச்சு. அதுக்கு மேல கட்டாயங் கெடையாது, சட்டமே ஒண்ணுஞ் சொல்லாது. நாம யாருங் தடுக்கறதுக்கு?"

பனியன் கம்பெனிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற தரகர் மாதிரி பேசுகிறீர்கள் என்றேன். ஆசிரியர் அறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நானுங்களா அம்மிணி?" என்றார். ஆள் தந்திரக்காரர்.

மயில்வாகனன் இடையில் புகுந்தார். "சார், டிசம்பர்ல அரையாண்டு வருது. அதுவரைக்கும் பேரு இருக்கட்டுமே. அன்னிக்கு அந்தப் புள்ள வந்து உக்காந்தா படிக்கறா. வரலீன்னா குடுத்தர்லாம்." தலைமையாசிரியர் யோசித்துவிட்டுச் சரி என்றார். அரையாண்டின் முதல் பரீட்சைக்கு மாசாணி வந்து உட்கார வேண்டும். இல்லாவிட்டால் அன்றைக்கு மத்தியானமே டி.சி.

நவம்பர் 17, ஞாயிறு

காலனிக்குப் போனேன். ஒரே அறை. மாசாணி இல்லை, ஞாயிறும் ஷிப்ட். சரசாள் எனக்குச் சேர் போட்டுவிட்டு நின்றுகொண்டே பேசினார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை, பழக்கம்.

இன்னும் ஒன்றரை வருஷம், பத்தாவது முடிக்கட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவளுக்கு இருக்கிற மூளைக்கு எங்கேயோ போவாள் என்றேன். வரிசையாக எல்லாம் சொன்னேன்.

"பத்தாவது படிச்சா என்ன வேல டீச்சர் தருவாங்க?"

"பன்னிரண்டாவது, காலேஜ்..."

"நீங்க காலேஜெல்லாம் முடிச்சுட்டீங்க."

"ஆமா. எம்.ஏ."

"உங்களுக்கு ஏப்ரலோட வேல முடிஞ்சுருமாமா. தருணோட அம்மா சொல்லுச்சு." குத்திக்காட்டவில்லை. உண்மையிலேயே வருத்தப்பட்டுக் கேட்டார். "அப்பறம் என்ன பண்ணுவீங்க? எங்க கம்பெனில ஆபீஸ்ல கேட்டுப் பாக்கட்டுங்களா?"

பரீட்சைக்காவது அனுப்புங்கள் என்றேன்.

"பாக்கலாங் டீச்சர்" என்றார்.

நவம்பர் 18, திங்கள்

இனிமேல் கம்பெனிச் சொற்கள் வேண்டாம் என்று வகுப்பில் சொல்லிவிட்டேன். புத்தகத்தில் இருப்பது போதும். ஏன் மிஸ் என்று கேட்டார்கள். அந்தப் பாடம் முடிந்துவிட்டது என்றேன்.

நவம்பர் 25, திங்கள்

பாடம் முடியவில்லை என்று அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். தருண் பஸ்ஸிலிருந்து 'நான் ஸ்டாப்' கொண்டுவந்தான். கிருத்திகா செல்போனிலிருந்து 'அன்லாக்', 'ரீசார்ஜ்'. ஒருவன் மருந்துக் கடையிலிருந்து 'ஆன்ட்டிபயாட்டிக்' பிடித்துவந்து, ஆன்ட்டி என்றால் எதிர்ப்பது என்று தெரிந்ததும், "அப்ப எங்க பக்கத்து வூட்டு ஆன்ட்டி சரியாத்தான் இருக்குது" என்றான். யாரும் சொல்லாமலேயே மூன்றாவது பெஞ்சு ஓரத்தில் மாசாணிக்கு இடம் விட்டு உட்காருகிறார்கள். நோட்ஸ் அவளுக்கும் ஒரு பிரதி எழுதிக் கிருத்திகா கொண்டுபோய்க் கொடுக்கிறாள். வாங்கிக்கொள்கிறாளாம்.

வாங்கிக்கொள்கிறாள்!

டிசம்பர் 3, செவ்வாய்

கதவுக்கு மேலிருந்த எழுத்தைச் சுரண்டினேன். மயில்வாகனன் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். 'மெல்ல' போய்விட்டது. 'கற்போர்' பாதியில் மண்ணெண்ணெய் தீர்ந்தது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். தலைமையாசிரியர் அந்த வழியாக நான்கு முறை போனார். பிறகு ஒரு முழுப் பெட்டி சாக்பீஸ் வகுப்புக்கு வந்தது.

அவரைப் பற்றி நினைத்ததை மாற்றிக்கொள்ளப் போவதில்லை. சாக்பீஸை எடுத்துக்கொண்டேன்.

டிசம்பர் 6, வெள்ளி

திங்கட்கிழமை அரையாண்டு. முதல் பரீட்சை தமிழ். ஹால் பட்டியலில் மாசாணியின் எண் இருக்கிறதா என்று போய்ப் பார்த்தேன். இருக்கிறது. ஜன்னலோரம்.

டிசம்பர் 7, சனி

கம்பெனிக்குப் போனேன். தருணின் மிஸ்பிரிண்ட் பனியனைப் போட்டுக்கொண்டு போனேன். வேறு துணி காயவில்லை.

வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. டீ நேரத்துக்கு வெளியே வருவார்கள், அங்கே நில்லுங்கள் என்று எதிர் டீக்கடையைக் காட்டினார். நின்றேன். உள்ளே கம்பெனி நடத்துகிறவர்களைக் கேட்க ஒரு பெரிய பேச்சே தயாராக வைத்திருந்தேன். கேட்க வேண்டியவர்கள் யாரும் வெளியே வருகிறவர்கள் இல்லை என்பது அங்கே நின்ற பிறகுதான் புரிந்தது. கேட்டைத் திறந்ததும் பெண்கள் கூட்டமாக வந்தார்கள், தலையில் துணித் தொப்பி, பேச்சு, சிரிப்பு. நடுவில் மாசாணி. நீல ஏப்ரன், கழுத்தில் அட்டை. நன்றாகத் தெளிவாக இருந்தாள். அப்படி இருக்கக் கூடாது என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன் போல.

"மிஸ்! இங்க எப்படிங்?" ஓடி வந்தாள். பக்கத்திலிருந்தவர்களிடம், "எங்க இங்கிலீஷ் மிஸ்ஸுக்கா. நாஞ் சொல்லுவனல்ல" என்றாள். அவர்கள் எல்லோரும் எனக்கு வணக்கம் சொன்னார்கள்.

"டீ நான் வாங்கறேன் மிஸ். நீங்க கையத் தொடவே கூடாது." வாங்கிக் கொடுத்தாள். தேங்காய் பன்னும். இஞ்சி தட்டிப் போட்ட டீ. இந்த ஊருக்கு வந்து குடித்ததிலேயே நல்ல டீ அதுதான்.

வகுப்பைப் பற்றிக் கேட்டாள். நாடகத்தில் தருண் செய்ததைச் சொன்னேன். அவள் டீயைச் சிந்திச் சிரித்தாள். "அவன் 'ஓவர்'தானுங் மிஸ். அவனுக்கு நடிக்கவே வேண்டியதில்ல." கதவு எழுத்தைச் சுரண்டியதைச் சொன்னேன். கிருத்திகாவின் நோட்ஸைப் படிக்கிறாயா என்றேன். படிக்கிறாளாம், சாப்பாட்டு நேரத்தில், அட்டைப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து. பக்கத்தில் பிசிறு வெட்டுகிற ஒரு அக்காவுக்கும் சொல்லித் தருகிறாளாம். "ரீன்னா மறுக்கான்னு சொல்லிக் குடுத்துருக்கறேன் மிஸ். அந்தக்கா இப்ப எல்லாத்துக்கும் ரீ போடுது. ரீடீ குடிக்கலாமாங்குது."

இரண்டு பேரும் சிரித்தோம். ரோட்டில் வேன் போனது, பஞ்சு பறந்தது, வெயில் நன்றாக இருந்தது. அந்த ஐந்து நிமிஷத்தில் எனக்கு எந்தக் குறையும் இல்லை என்பதையும் எழுதிவிட வேண்டும்.

பிறகு சங்கு ஊதியது. கூட்டம் கேட்டுப் பக்கம் திரும்பியது. மாசாணி டம்ளரை வைத்துவிட்டு ஏப்ரனைச் சரிசெய்தாள்.

"திங்கக்கிழமை பரீட்சை. உன் நம்பர் ஜன்னல் ஓரம் போட்டிருக்காங்க" என்றேன்.

அவள் கேட்டைப் பார்த்தாள். சரசாள் உள்ளே போகாமல், கையில் கத்தரியோடு, எங்களையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்.

"வரலேன்னா மத்தியானமே பேரை எடுத்துருவாங்க. தெரியுமில்ல?"

தெரியும் என்று தலையாட்டினாள். 'பாக்கலாங் மிஸ்' என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. வாட்ச்மேன் கேட்டில் தட்டினார். அவள் இரண்டடி வைத்துவிட்டு நின்றாள், முதுகு என் பக்கம். நான் ரோட்டில் நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினேன்:

"மாசாணி, வருவியா மாட்டியா? வாயத் திறந்து ஒண்ணு சொல்லிட்டுப் போ."